180 தடவை குதிகால் இறக்கம்: பதினைந்து பேரை வைத்து எழுதிய சட்டமா?

நடைபாதை · ஜூன் 2, இரவு 9:14

குதிகால் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் அகிலீஸ் நாண்) வலி என்று எந்த பிசியோவிடம் போனாலும் ஒரே தாளைத்தான் நீட்டுகிறார்கள். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நில், குதிகாலை மெல்ல இறக்கு. முழங்காலை நீட்டி 15 × 3, மடக்கி 15 × 3. காலையும் மாலையும், வாரத்தில் ஏழு நாளும், 12 வாரம். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 180.

இது எங்கிருந்து வந்தது என்று தோண்டினால், 1998இல் ஸ்வீடனின் உமியோ நகரிலிருந்து ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழு வெளியிட்ட ஒரு கட்டுரையில் போய் முட்டுகிறது. பயிற்சி செய்தவர்கள் 15 பேர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 15 பேர். குலுக்கல் முறையில் பிரித்ததும் இல்லை. இந்தப் பதினைந்து பேரை நம்பி உலகமே கால் நூற்றாண்டுக்கு மேலாகப் படியில் ஏறி நிற்கிறது. என் வாதம்: 180 என்ற எண்ணுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. மறுக்கிறவர்கள் வரலாம்.

எண்கணக்கு · ஜூன் 2, இரவு 10:02

எண்ணைப் பற்றிச் சொன்னது சரி. கட்டுரையைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி.

அந்த ஒப்பீட்டுக் குழுவின் லட்சணத்தைப் பாருங்கள். ஓய்வு, வலி மாத்திரை, ஷூ மாற்றம், வழக்கமான பிசியோ எல்லாம் செய்தும் பலிக்காமல், கடைசியில் 15 பேருமே அறுவைக்குப் போனவர்கள். பயிற்சிக் குழுவில் 15 பேருமே 12 வாரத்தில் பழையபடி ஓடினார்கள். பதினைந்துக்குப் பதினைந்து என்று வந்தாலே சந்தேகப்பட வேண்டும். இவ்வளவு சுத்தமான முடிவு பின்னால் வந்த எந்த ஆய்விலும் கிடைக்கவில்லை. ஆனாலும் பயிற்சிக் குழுவில் இருந்தவர்கள் நீண்ட நாளாக ஓட முடியாமல் கிடந்தவர்கள். சும்மா இருந்திருந்தாலே சரியாகியிருக்கும் என்று தள்ளிவிட முடியாது.

இன்னொன்று. இறக்கப் பயிற்சியைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃப்ரெட்சன் இல்லை. 1980களிலேயே கனடாவில் கர்வின், ஸ்டானிஷ் இருவரும் எழுதிவிட்டார்கள். அவர்கள் திட்டத்தில் இறக்கும் வேகத்தை நாளுக்கு நாள் கூட்டிவிட்டு, அப்புறம்தான் எடை. ஸ்வீடன்காரர் அதைத் திருப்பிப் போட்டார்: வேகம் வேண்டாம், எடை வேண்டும், வலித்தாலும் செய், தாங்கவே முடியாத வலி வந்தால் மட்டும் நிறுத்து. அந்த நாளில் இந்தக் கடைசி வரிதான் புரட்சி. வலித்தால் கட்டுப்போட்டு உட்கார் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

கெண்டைக்கால் · ஜூன் 3, காலை 6:20

பிசியோ தரப்பிலிருந்து.

180ஐ நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் ஸ்டீவன்ஸ், டான் இருவரும் 28 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முழு 180. மற்றவர்களுக்கு "உங்களால் முடிந்த அளவு". ஆறு வாரம் கழித்து இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. சின்ன ஆய்வு, குறுகிய காலம். ஆனால் 180 இல்லாவிட்டால் நாண் ஆறாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

நடைபாதை · ஜூன் 3, காலை 7:05

அப்படியானால் 60 போதும் என்று வைத்துக்கொள்ளலாமா அண்ணே?

கெண்டைக்கால் · ஜூன் 3, இரவு 8:48

எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்காதீங்க. நாணுக்குத் தேவை இரண்டு: போதுமான கனம், போதுமான நேரம். ஒரு காலில் நின்று குதிகாலை உயர்த்தும்போது நாணில் விழும் இழுப்பு உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஓடும்போது எவ்வளவு தெரியுமா? பின்லாந்தின் பாவோ கோமி, அறுவை செய்து நாணின் மேலேயே அளவுக்கருவியைப் பொருத்தி, ஆளை ஓடவிட்டு அளந்தார். உச்சத்தில் 9 கிலோநியூட்டன், அதாவது உடல் எடையின் 12.5 மடங்கு. வெறும் உடல் எடையில் 180 தடவை இறக்கிவிட்டு, வலி குறைந்ததும் நேராக ஓடப்போகிறவர்களுக்கு ஏன் திரும்ப வலிக்கிறது என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆல்ஃப்ரெட்சன் தாளிலேயே "வலி இல்லாமல் செய்ய முடிந்தால் முதுகுப்பையில் எடை போடு" என்று இருக்கிறது. நகலெடுத்து நகலெடுத்துக் கொடுக்கும் தாள்களில் முதலில் காணாமல் போவது அந்த வரிதான்.

இன்று நான் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் கோபன்ஹேகன் முறை. பேயர் குழு 2015இல் 58 பேரை வைத்துச் செய்தது. வாரம் மூன்று நாள் மட்டும். உட்கார்ந்து குதிகால் உயர்த்துவது, லெக் பிரஸ் மெஷினில் கால் நீட்டி உயர்த்துவது, தோளில் பார்பெல்லோடு நின்று உயர்த்துவது, இந்த மூன்றுதான். ஏற 3 விநாடி, இறங்க 3 விநாடி. எடை இப்படி ஏறும்:

1ஆம் வாரம்: 3 செட், 15 தடவைக்கு மேல் முடியாத எடை
2, 3ஆம் வாரம்: 3 செட், 12
4, 5: 4 செட், 10
6 முதல் 8: 4 செட், 8
9 முதல் 12: 4 செட், 6

செட்டுக்கு நடுவில் 2–3 நிமிஷம். ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 5 நிமிஷம். இந்த ஓய்வைத் திருடினால் அடுத்த செட்டில் எடை குறையும். எடையைக் குறைத்துவிட்டால் இந்த முறையில் மிச்சம் எதுவும் இல்லை.

எண்கணக்கு · ஜூன் 3, இரவு 11:30

அதே ஆய்வுதான். அதன் பெயரால் "கன எடை முறை ஜெயித்தது" என்று இணையம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெயிக்கவில்லை. விசா-ஏ மதிப்பெண் (குதிகால் நாண் வலிக்கான கேள்வித்தாள், 100க்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நலம்) இறக்கப் பயிற்சியில் 58இலிருந்து ஒரு வருஷத்தில் 84. கன எடையில் 54இலிருந்து 89. வித்தியாசம் புள்ளியியல்படி தேறாது. திருப்தி என்று சொன்னவர்கள் 12 வாரத்தில் 80 சதவீதம், 100 சதவீதம். அதுவும் நூலிழையில் தேறவில்லை.

உண்மையான வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. இறக்கப் பயிற்சிக்கு வாரம் 308 நிமிஷம், கன எடைக்கு 107. சொன்னபடி செய்தவர்கள் 78 சதவீதம், 92 சதவீதம். இரண்டும் ஒரே பலன் தரும் என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம் கேட்பதை எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

மொட்டைமாடி · ஜூன் 4, மதியம் 1:12

லெக் பிரஸ் எல்லாம் எங்க ஊர்ல இல்ல. வீட்ல செய்ய வழி சொல்லுங்க.

கெண்டைக்கால் · ஜூன் 4, இரவு 9:35

வீட்டில் இரண்டு பயிற்சி போதும். எடை குறைவு என்பதால் ஒற்றைக் காலில் செய்யணும்.

உட்கார்ந்து: முழங்கால் 90 பாகை மடங்குகிற உயரத்தில் நாற்காலி. முன்பாதத்தின் கீழே ஓர் அங்குலக் கனத்துக்குப் பலகை. தொடையில் முழங்காலுக்கு ஒட்டினாற்போல், மடித்த துண்டைப் போட்டு, அதன் மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன். முழுசாக நிரப்பினால் 20 கிலோ, பாதி என்றால் 10, வேண்டிய அளவுக்குக் கூட்டலாம் குறைக்கலாம். சீக்கிரமே 20 கிலோ போதாமல் போகும். அப்புறம் 25 கிலோ அரிசி மூட்டை, அதன் மேல் கேன், பிடித்துக்கொள்ள ஓர் ஆள். முழங்கால் மடங்கியிருக்கும்போது கெண்டைக்கால் தசை இரண்டில் மேலே இருக்கும் காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிடும், உள்ளே இருக்கும் சோலியஸ்தான் வேலை செய்யும். ஓடுகிறவர்களுக்கு அதுதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நின்று: படிக்கட்டின் தரையை ஒட்டிய கடைசிப் படி. மாடிப்படியின் நடுவில் வேண்டாம், எடையோடு சாய்ந்தால் கீழே வரை போகணும். டைல்ஸ் படி என்றால் ரப்பர் மிதியடி போட்டு, ஷூவோடு. செருப்பு கூடாது. முதுகுப்பையில் மணல் அல்லது புத்தகம். விரல் நுனியால் சுவரைத் தொடுங்க, அவ்வளவுதான்.

என்ன கெடும் என்றால்: சுவரைத் தொடுவது நாலாவது ரெப்பில் (தடவையில்) சுவரில் சாய்வதாக மாறும், பத்து கிலோ அங்கே போய்விடும். களைப்பு வந்ததும் பாதம் சுண்டுவிரல் பக்கம் சரியும். பெருவிரல் அடியில் ஒரு ரூபாய் காசை வைத்து அது நகராமல் செய்யச் சொன்னால் நின்றுவிடும். "நீட்டிய முழங்கால்" என்று சொல்லிவிட்டு ஏறும்போது மடக்கி உதைப்பது அடுத்தது, அதைப் பக்கவாட்டில் வீடியோ எடுத்தால்தான் தெரியும். உச்சியில் பாதியிலேயே திரும்புவது. கீழே போய்த் துள்ளி எழுவது, அப்படிச் செய்தால் 3 விநாடி 1 ஆகிவிட்டது என்று அர்த்தம். போனில் மெட்ரோனோம் வைத்து நிமிஷத்துக்கு 60 தட்டில் எண்ணுங்க, மனசுக்குள் எண்ணும் மூன்று எப்போதுமே ஒன்றரைதான்.

எடை கூட்ட விதி: கடைசி செட்டின் கடைசி ரெப் முதல் ரெப் மாதிரியே உயரம் போனால் அடுத்த முறை 2 கிலோ கூட்டு. போகவில்லையென்றால் அங்கேயே நில்.

எலும்பு டாக்டர் · ஜூன் 5, காலை 10:40

எல்லோரும் படியில் ஏறும் முன் ஒரு கேள்வி. வலி எங்கே?

குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே, நாணின் நடுப்பகுதியில், இரு விரலால் கிள்ளினால் வலிக்கிறது, லேசாகத் தடித்திருக்கிறது என்றால் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே, ஷூவின் பின்விளிம்பு இடிக்கும் இடத்தில் வலி என்றால் படி விளிம்புக்குக் கீழே குதிகாலை இறக்கவே கூடாது. கணுக்கால் மடங்கி பாதம் மேல்நோக்கி வரும்போது நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. இழுப்போடு அந்த நசுக்கலும் சேர்ந்தால் இன்னும் எரிச்சல்.

இதற்கு எண்ணும் இருக்கிறது. ஆல்ஃப்ரெட்சன் குழுவே 2003இல் பார்த்தது: நடுப்பகுதி வலிக்கு 89 சதவீத நாண்களில் நல்ல பலன், ஒட்டுமிட வலிக்கு 32 சதவீதம்தான். 2008இல் அதே ஆட்கள், தரை மட்டத்துக்குக் கீழே இறக்காமல் மாற்றிச் செய்தபோது 27 பேரில் 18 பேர் திருப்தி, அதாவது 67 சதவீதம். பயிற்சி அதேதான். வீச்சை மட்டும் பாதியாக வெட்டினார்கள். ஒட்டுமிட வலிக்காரர்கள் கெண்டைக்கால் தசையைச் சுவரில் சாய்ந்து இழுத்து நீட்டுவதையும் நிறுத்த வேண்டும். இழுத்தால் இதமாகத்தான் இருக்கும். மறுநாள் காலை தெரியும்.

பயிற்சித் தாளோடு அனுப்பிவிடக் கூடாதவர்களும் உண்டு. இரண்டு குதிகாலிலும் ஒட்டுமிட வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, இரவில் எழுப்பும் இடுப்புவலி, தோலில் சொரியாசிஸ், கண் சிவப்பு: இவர்களை வாதநோய் மருத்துவரிடம் அனுப்புங்கள், இது பளுவால் வந்த வலி அல்ல. இரண்டு நாணும் முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்டிரால் முதலில் தலைகாட்டும் இடங்களில் குதிகால் நாண் ஒன்று.

கெண்டைக்கால் · ஜூன் 5, மதியம் 2:15

டாக்டர் சொன்னதோடு ஒன்று. ஒட்டுமிட வலிக்குப் பலகை கூட வேண்டாம், சமதரையில் செய்யலாம். ஷூவுக்குள் இரண்டு காலிலும் 10–12 மி.மீ. குதிகால் மெத்தை. ஒரு காலில் மட்டும் வைத்தால் இடுப்பு புகார் சொல்லும். வீட்டுக்குள் தட்டைச் செருப்பும் வெறுங்காலும்தான் நம்ம பழக்கம், அந்த நேரம் முழுக்க மெத்தை பயன்படாது. குதி உயர்ந்த செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளணும்.

எண்கணக்கு · ஜூன் 5, மாலை 4:50

குதிகால் மெத்தையை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021இல் மெல்போர்னில் ரபூசின் குழு, நடுப்பகுதி வலிக்காரர்கள் 100 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு மெத்தை, மறு பாதிக்கு இறக்கப் பயிற்சி கொடுத்தது. 12 வாரத்தில் மெத்தைக் குழு முன்னால். 12 வாரம் என்பது குறுகிய காலம், மெத்தை நாணைப் பலப்படுத்தாது, எல்லாம் சரி. ஆனால் படியில் நிற்காமலே அந்த அளவுக்கு முன்னேற்றம் வருகிறது என்றால், "இறக்குவதில்தான் மந்திரம் இருக்கிறது" என்ற கதை இன்னும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

நடைபாதை · ஜூன் 6, காலை 6:58

வலியோடு செய்யலாம் என்கிறீர்கள். எவ்வளவு வலி? "தாங்க முடிந்தால் செய்" என்பதை ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

கெண்டைக்கால் · ஜூன் 6, இரவு 9:10

கோதன்பர்க்கின் கரின் சில்பர்நாகல் இதை ஒழுங்குபடுத்தினார். 10க்கு 5 வரை வலி அனுமதி. மறுநாள் காலை பழைய நிலைக்கு இறங்கியிருக்கணும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடிக்கொண்டே போகக் கூடாது. மூன்றும் சேர்ந்துதான் விதி. முதல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டால் விதி இல்லை.

2007 ஆய்வில் 38 பேர். பாதிப் பேர் முதல் ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்தினார்கள், பாதிப் பேர் இந்த விதிக்குள் ஓடிக்கொண்டே பயிற்சி செய்தார்கள். ஓடியவர்களுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை. ஐந்து வருஷம் கழித்து 34 பேரைத் திரும்பப் பார்த்தபோது 27 பேர் முழுசாகத் தேறியிருந்தார்கள்.

நடைமுறையில் பயிற்சி நேரத்து வலியை விடக் காலைக் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து அடியை நம்புங்க. தினமும் அதற்கு 10க்கு ஒரு மதிப்பெண், காலண்டரில் குறித்துவையுங்க. நேற்று 3, இன்று 5 என்றால் நேற்றுச் செய்ததில் ஏதோ அதிகம்.

எண்கணக்கு · ஜூன் 7, இரவு 12:20

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஏன் நாண் இவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கில் ஒரு அழகான ஆய்வு இருக்கிறது. 1955 முதல் 1963 வரை வானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தபோது காற்றில் கார்பன்-14 எக்கச்சக்கமாக ஏறியது. 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கிக்கொண்டே வருகிறது. அந்தந்த வருஷம் உடலில் உருவான திசுவில் அந்தந்த வருஷத்துக் காற்றின் அளவு பதிந்திருக்கும். கட்யா ஹைனமயர் குழு 2013இல் 28 பேரின் குதிகால் நாணில் இதை அளந்தது. நாணின் உள்மையம் சுமார் 17 வயதோடு நின்றுவிட்டது. அதன் பிறகு புதுப்பித்தலே ஏறக்குறைய இல்லை. அதே ஆட்களின் தசையில் கார்பன் புதுசாக இருந்தது.

ஐம்பது வயதுக்காரர் படியில் நிற்கும்போது இழுபடுவது அவர் பள்ளிக்கூடத்தில் கட்டிய நாண்.

எலும்பு டாக்டர் · ஜூன் 7, காலை 9:05

அதை முழுச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018இல் அதே குழு நோயுற்ற நாண்களை அளந்தது, அவற்றில் கொலாஜன் புதுப்பித்தல் கூடுதல். அதுவும் வலி தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே. ஆகவே "நாண் மாறவே மாறாது" என்பது நலமான நாணுக்கு. நோயுற்றது உள்ளுக்குள் வெகுநாளாகக் கலைந்துகொண்டிருந்திருக்கிறது, வலி தாமதமாக வந்து சேர்கிறது. ஓட்டத்தைக் கூட்டிய வாரத்தில் வலி வந்தது என்பதால் அந்த வாரமே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மொட்டைமாடி · ஜூன் 7, காலை 11:44

கொலாஜன் என்றதும் கேட்கிறேன். ஆட்டுக்கால் பாயா குடிச்சா நாண் வளருமா? எங்க வீட்ல ஒரு வாரமா பாயாதான்.

கெண்டைக்கால் · ஜூன் 7, இரவு 8:30

கெடுதல் இல்லை, தொடருங்க. ஆராய்ச்சி என்று பார்த்தால் 2017இல் ஷா, பார் குழு 8 ஆண்களுக்கு 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சி சேர்த்துக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிஷம் கயிறு தாண்டவிட்டது. இரத்தத்தில் கொலாஜன் உருவாக்கத்தைக் காட்டும் குறியீடு இரட்டிப்பானது. எட்டுப் பேரும் நலமானவர்கள். அந்தக் குறியீடு நாணிலிருந்து வந்ததா எலும்பிலிருந்து வந்ததா என்று சொல்லவும் முடியாது. பாயாவைப் பயிற்சிக்கு ஒரு மணி முன்னால், எலுமிச்சை பிழிந்து குடியுங்க. பயிற்சியை விட்டுவிட்டுப் பாயா மட்டும் என்றால் ஆட்டுக்குத்தான் நஷ்டம்.

நடைபாதை · ஜூன் 8, மாலை 5:30

ஊசி பற்றி யாரும் பேசவில்லையே. பி.ஆர்.பி. (நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் நிறைந்த திரவம்) என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

எலும்பு டாக்டர் · ஜூன் 8, இரவு 10:15

பி.ஆர்.பி. பற்றி நெதர்லாந்தில் டி வோஸ் குழு 54 பேரை வைத்து 2010இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் எழுதியது. எல்லோருக்கும் இறக்கப் பயிற்சி. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு உப்புநீர். 24 வாரத்தில் விசா-ஏ ஏற்றம் 21.7, 20.5. இரண்டும் ஒன்றுதான். பிரிட்டனில் 240 பேரோடு கியர்னி குழு 2021இல் அதே இதழில்: ஒரு பி.ஆர்.பி. ஊசியும் பாவனை ஊசியும் ஆறு மாதத்தில் விசா-ஏ 54.4, 53.4. உப்புநீரை அதிக அளவில் நாணின் முன்பக்கம் செலுத்தும் முறையையும் 2020இல் 80 பேரிடம் பார்த்தார்கள், பலன் இல்லை. நாளை யாராவது பி.ஆர்.பி. கட்டணம் சொன்னால் உப்புநீர் என்ன விலை என்று கேளுங்கள்.

ஸ்டீராய்டு கொஞ்சம் சிக்கல். முழங்கை வலியில் கதை தெளிவு: பிரிஸ்பனில் 165 பேர், 2013. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் சில வாரம் சந்தோஷமாக இருந்தார்கள், ஒரு வருஷத்தில் திரும்ப வந்தது 54 சதவீதம் பேருக்கு. பாவனை ஊசி போட்டவர்களில் 12. இதை வைத்துத்தான் எல்லா நாணுக்கும் ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லி வந்தோம். குதிகால் நாணுக்கு அப்படியே ஒட்டவில்லை. டென்மார்க்கில் யோஹான்சன் குழு 2022இல் 100 பேருக்குப் பயிற்சியோடு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நாணுக்கு வெளியே, அதன் முன்பக்கத்தில் ஸ்டீராய்டு கொடுத்தது. ஆறு மாதத்தில் பாவனை ஊசியை விட விசா-ஏ 17.7 கூடுதல், நாண் அறுந்தவர் ஒருவரும் இல்லை. ஊசிக்குப் பின் கட்டுப்பாடான பயிற்சி நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஸ்கேன் இல்லாமல் கை மதிப்பில் நாணுக்குள்ளேயே குத்துவதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

மருந்துப்பெட்டி · ஜூன் 9, காலை 8:20

மருந்தாளுநர் பக்கம் ஒரு குறிப்பு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், இந்தக் குடும்பம் முழுக்க நாணைப் பாதிக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரித்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகம், இதயம், நுரையீரல் மாற்று அறுவை செய்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதிகம் அடிபடுவது குதிகால் நாண். மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளிலும் வரலாம், முடித்துச் சில மாதம் கழித்தும் வரலாம்.

வயிற்றுப்போக்கு என்றதும் கடையில் சீட்டில்லாமல் சிப்ரோ கேட்டு வாங்குகிற ஊர் நம்முடையது. வலி வந்த தேதியை எழுதும்போது அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் என்ன மாத்திரை விழுங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாத்திரை காரணம் என்று தோன்றினால், அதை நிறுத்தி வேறு எழுதித் தரச்சொல்லி டாக்டரிடம் போங்கள். அந்தச் சமயத்தில் கன எடைப் பயிற்சி வேண்டாம்.

மொட்டைமாடி · ஜூன் 9, மதியம் 12:05

அறுந்துபோனா எப்படித் தெரியும்?

எலும்பு டாக்டர் · ஜூன் 9, இரவு 9:50

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்தது என்பார்கள், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. சத்தமும் கேட்கலாம். ஏமாறுகிற இடம் இது: பாதத்தை அசைக்கச் சொன்னால் அசைப்பார்கள், நொண்டிக்கொண்டு நடக்கவும் செய்வார்கள். மற்ற தசைகள் அதைச் செய்துவிடும். குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைக்கால் சதையை அழுத்துங்கள். நலமான காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது. இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். அசையவில்லையென்றால் அன்றே மருத்துவமனை, பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிய நிலையிலேயே கட்டி.

அறுந்தால் அறுவை கட்டாயம் என்று இப்போது இல்லை. நார்வேயில் 2022இல் வெளியான ஆய்வில் 526 பேரை அலசினார்கள். அறுவை இல்லாமல், திறந்த அறுவை, சிறுதுளை அறுவை: ஒரு வருஷத்தில் கால் செயல்படும் விதத்தில் மூன்றும் சமம். திரும்ப அறுந்தது அறுவை இல்லாதவர்களில் 6.2 சதவீதம், அறுவை செய்தவர்களில் 0.6. நரம்புக் காயம் சிறுதுளையில் 5.2, திறந்ததில் 2.8, அறுவை இல்லாமல் 0.6. எது வேண்டும் என்று நோயாளியை உட்காரவைத்து இந்த எண்களைச் சொல்லலாம்.

நடைபாதை · ஜூன் 10, காலை 7:22

வலி 2க்கு இறங்கியாச்சு என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது?

கெண்டைக்கால் · ஜூன் 10, இரவு 9:20

ஒற்றைக் காலில் 20, 25 தடவை முழு உயரம் குதிகால் உயர்த்த வருகிறதா பாருங்க. வராவிட்டால் இன்னும் நேரம் இருக்கு. வந்தால், முதலில் இரண்டு காலில் சின்னத் துள்ளல், அப்புறம் ஒரு காலில், அப்புறம் ஓட்டம். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, இப்படி எட்டு பத்து சுற்று. தூரத்தை முதலில் கூட்டு, வேகத்தைப் பிறகு, மேட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில். மூன்றையும் ஒரே வாரத்தில் தொட்டால் எது வலித்தது என்றே தெரியாது.

நாட்களை மூன்று வகையாகப் பிரிங்க. லேசான நாளுக்குப் பின் மறுநாளே செய்யலாம். நடுத்தரமான நாளுக்குப் பின் இரண்டு நாள் இடைவெளி. கடினமான நாளுக்குப் பின் மூன்று நாள். கடினமான வேலைக்குப் பிறகு முதல் ஒன்று ஒன்றரை நாள் நாணில் கொலாஜன் சிதைவு உருவாக்கத்தை விட அதிகம், அதனால்தான் இந்த இடைவெளி. கன எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள், ஓட ஆரம்பித்த பிறகும். ஓட ஆரம்பித்ததும் இதை நிறுத்துகிறவர்கள்தான் மூன்று மாதத்தில் திரும்ப வருகிறார்கள்.

மொட்டைமாடி · ஜூன் 11, காலை 10:10

முடிஞ்சதும் மறுபடி ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?

எலும்பு டாக்டர் · ஜூன் 11, மதியம் 3:30

வேண்டாம். வலி போன பின்னும் தடிப்பும் புது இரத்தக் குழாய்களும் ஸ்கேனில் மாதக்கணக்கில் தெரியும். வலியே இல்லாத ஓட்டக்காரர்களிடமும் இவை தெரிகின்றன. ரிப்போர்ட்டைப் படித்துப் பயந்து பயிற்சியை நிறுத்துவதுதான் மிச்சம்.

அதற்குப் பதில் விசா-ஏ படிவம். எட்டுக் கேள்வி, 100 மதிப்பெண், ஐந்து நிமிஷ வேலை. மாதம் ஒரு முறை போதும். வாரா வாரம் போட்டால் நாலு மதிப்பெண் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக் குழம்புவீர்கள்.